நாலடி மேடைக்கு 48 அடிச் சாய்தளம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளி இசைக் கலைஞர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை அவர்களுடைய தன்னம்பிக்கையை மனதாரப் பாராட்டியிருந்தது. ஆனால் அவர்கள் ஏறிப் பாட வேண்டிய மேடையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பேருந்து நிலைய வாசலில் ஸ்பீக்கர் பெட்டி வைத்துப் பாடும் பார்வையற்ற பாடகர்களை நம் பக்கத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. கச்சேரி மேடைக்கான குரல் அவர்களில் பலருக்கு இருக்கிறது. மேடைதான் அவர்களுக்கு ஏற்றபடி இல்லை. ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு விழாவுக்கும் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்கும் மேடை போடுகிறவர்கள், போடச் சொல்கிறவர்கள் கவனத்துக்காகச் சில விவரங்களை எழுதுகிறேன்.

திடலில் நாலடி உயரத்துக்கு மேடை போட்டு, ஏறுவதற்கு மரப்படி வைப்பதுதான் வழக்கம். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுகிறார்கள். இது ஆபத்து. பெரும்பாலான நாற்காலிகளில் கைதாங்கியும் கால்தாங்கியும் கழற்றக்கூடியவை. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் பிடித்தவர் கையோடு வந்துவிடும், உட்கார்ந்திருப்பவர் சரிவார். பேட்டரி நாற்காலியோ ஆளோடு சேர்த்து 150 கிலோவைக்கூடத் தாண்டும். ஆயிரம் பேர் பார்க்க மூட்டையைப் போலத் தூக்கி வைக்கப்பட்டவர், அடுத்த நிமிடம் எப்படிச் சுருதி சேர்ந்து பாடுவார்?

படிக்குப் பதிலாக வேண்டியது சாய்தளம், அதாவது நாற்காலி உருண்டு ஏறும் சரிவுப் பாதை. அதற்குக் கணக்கு 1:12. ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்றால் நாலடி மேடைக்கு 48 அடி. அவ்வளவு இடமில்லை என்று 15 அடியில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சரிவில் ஏறும்போது நாற்காலி பின்பக்கம் கவிழப் பார்க்கும், இறங்கும்போது கைக்கு நிற்காது. 48 அடியையும் ஒரே நேராகப் போட வேண்டியதில்லை. 24 அடி போய், திரும்புவதற்கு 5 அடி ஆழத்தில் ஒரு சமதளம் விட்டு, மடக்கி இன்னொரு 24 அடி போடலாம். மேடையையே இரண்டடிக்கு இறக்கிவிட்டால் வேலை பாதியாகும். பின்வரிசைக்குத் தெரியாதே என்பார்கள். இப்போதுதான் எல்லா விழாவிலும் எல்.இ.டி. திரை வைக்கிறார்களே.

அகலம் 4 அடி இருக்கட்டும். பிளைவுட் 18 மி.மீ., அடியில் ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம். 12 மி.மீ. பலகை போட்டால் நாற்காலியின் சின்ன முன்சக்கரம் போகும் இடத்தில் அமுங்கும். இரண்டு ஓரத்திலும் 4 அங்குலத் தடுப்புக் கட்டையும் கைப்பிடியும் வேண்டும். மேலே சிவப்புக் கம்பளம் விரிக்கவே கூடாது, சக்கரத்தில் சுருண்டுகொள்ளும். ஆடி மாதத்து ஈரத்தில் வெறும் பிளைவுட் வழுக்கும் என்பதால் பெயிண்டில் மணல் கலந்து ஒரு கோட் அடித்துவிடுங்கள்.

மேடைக்கு மேலே வந்தால் முதல் சிக்கல் கீபோர்டு ஸ்டாண்டு. எக்ஸ் வடிவ ஸ்டாண்டின் குறுக்குக் கால் சரியாக நாற்காலியின் கால்தாங்கியில் முட்டும். வாசிப்பவர் ஓரடி தள்ளி உட்கார்ந்து, முதுகை வளைத்து எட்டி எட்டி வாசிக்க வேண்டிவரும். நாலு கால் உள்ள மேசை வகை ஸ்டாண்டைப் போட்டு, கீபோர்டின் அடிப்பகுதி தரையிலிருந்து 70 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைத்தால் முழங்கால் உள்ளே போகும். காலால் மிதிக்க முடியாதவருக்கு, சுரத்தை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெய்ன் பெடலுக்குப் பதிலாக, முழங்கையால் தட்டுகிற மாதிரி ஒரு சுவிட்சைப் பொருத்தலாம். அந்தப் பெடல் வெறும் அழுத்து சுவிட்சுதான். ஆனால் கீபோர்டை ஆன் செய்யும்போது அதை அழுத்தியிருக்கக் கூடாது. பல கீபோர்டுகள் அந்த நொடியில்தான் சுவிட்சு எந்த வகை என்று கண்டுகொள்கின்றன. அழுத்தியிருந்தால் எல்லாம் தலைகீழாகி, கையை எடுத்ததும் சுரம் நீண்டுகொண்டே போகும்.

பார்வையற்ற பாடகருக்கு மேடையின் முன்விளிம்புதான் பெரிய பயம். விளிம்பிலிருந்து மூன்றடி உள்ளே, மேடையின் நீளம் முழுக்கத் தேங்காய் நார் மிதியடியை வரிசையாக டேப் போட்டு ஒட்டுங்கள். காலில் நார் பட்டதும் நின்றுகொள்வார். அடுத்தது, பாட்டை எடுக்கும் இடம். குழுத் தலைவர் கையைக் காட்டுவது அவருக்குத் தெரியாது. உதிரி மைக் ஒன்றைத் தலைவரிடம் கொடுத்து, அதை மெயினில் (கூட்டம் கேட்கும் ஸ்பீக்கரில்) ஏற்றாமல், பாடகரின் இயர்போனுக்குப் போகும் ஆக்ஸில் (மிக்சரிலிருந்து தனியாக ஒலி அனுப்பும் வழியில்) மட்டும் அனுப்பினால் போதும். "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" அவர் காதில் மட்டும் விழும். ஆக்ஸ் ப்ரீ-ஃபேடரில், அதாவது மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுக்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போஸ்ட்டில் (ஃபேடருக்குப் பின்னால்) இருந்தால், ஃபேடரை இறக்கியதும் அந்தக் குரலும் சேர்ந்து போய்விடும்.

காது கருவி அணிந்த ரசிகர்களுக்காக அரங்கைச் சுற்றி, ஒலியைக் காந்தப்புலமாக அனுப்பும் லூப் கம்பி ஓட்டினால், டி நிலை (அந்தக் காந்தப்புலத்தை வாங்கும் அமைப்பு) உள்ள கருவியை அதற்கு மாற்றிப் பாட்டை நேரடியாகக் கேட்கலாம். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் ஒயர் பக்கத்தில் ஓடினால் இரைச்சல் ஏறும், தள்ளியே ஓட்ட வேண்டும்.

இசை கற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. இப்படிப்பட்ட பள்ளிகளில் பார்வையற்ற மாணவர் சேரும்போது, சுரக்குறிப்புகளை ஸ்கேன் செய்த படமாகத் தந்தால் அவருக்குப் பயனில்லை. யூனிகோடில் தட்டச்சு செய்து தந்தால், இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் மென்பொருள் தமிழிலேயே படித்துக் காட்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. நம் கர்நாடக இசைக் குறிப்பில் கமா என்றால் ஓர் அட்சர (தாள அலகு) நீட்சி, அரைப்புள்ளி என்றால் இரண்டு. என்.வி.டி.ஏ. வழக்கமான அமைப்பில் இவற்றை வாய்விட்டுச் சொல்லாது. "ஸ, ரி , க" என்பது "ஸ ரி க" என்றே காதில் விழும், தாளம் தொலைந்துவிடும். நிறுத்தக்குறி அளவை "அனைத்தும்" என்று மாற்ற வேண்டும். சுரம் மேலா கீழா என்று காட்டும் ஸ்தாயிப் புள்ளிகளையும் நம்ப முடியாது. "மேல் ஸ", "கீழ் நி" என்று எழுத்தாகவே எழுதிவிடுவது நல்லது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 29ஆவது பிரிவு, கலைப் பாடங்களை அவர்களும் பங்கேற்கும்படி திருத்தியமைக்கச் சொல்கிறது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விடக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. விழா மேடைக்கு மட்டும் இது பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது.

அரசு விழாக்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, "சாய்தளம் 1:12, அகலம் 4 அடி, கைப்பிடியுடன்" என்று ஒரு வரி சேர்க்கும்படி தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வரி இருந்தால் பந்தல்காரர் அதற்கும் விலை போட்டுத் தருவார். இல்லாவிட்டால் அவர் கைக்காசில்தான் போட வேண்டும், அப்படிப் போடச் சொல்வது நியாயமில்லை.

இப்படிக்கு,
ஒலி அமைப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.