நவம்பர் 1 பகுதி சபைக் கூட்டம்: கட்டாயம் வாங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம்.

நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். 1956-ல நம்ம செங்கோட்டை தமிழகத்தோட சேர்ந்ததும் அதே நாள்தான். அன்னைக்கு நம்ம வார்டுல பகுதி சபை, அதாவது வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்ற கூட்டம், கூடும்போது வீட்டுக்கு ஒருத்தராவது வரணும்.

முக்கியமா கொல்லம் ரோடு. புளியரை வழியா கேரளா போற கல், எம்சாண்டு லாரி ராத்திரி பகல் ஓயலை. கார்த்திகை பிறந்துட்டா ஐயப்பமார் வண்டியும் சேர்ந்துரும். நேத்து சாயங்காலம் ரெண்டு பள்ளிக்கூடப் பிள்ளைங்க, ஒண்ணு கையை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சிட்டு, ரோட்டைக் கடக்க முடியாம நின்னதைப் பார்த்தேன். லாரி போற காத்துல சின்னவன் குடை மடங்கிப்போச்சு. மனசே ஆறலை.

ஒரு விஷயம்: அது தேசிய நெடுஞ்சாலை, எண் 744. வேகத்தடை, கோடு, எச்சரிக்கைப் பலகை எல்லாம் நெடுஞ்சாலைத் துறை பொறுப்பு. நம்ம தெருவிளக்கும் வாறுகாலும் நகராட்சி பொறுப்பு. அதனால மனு ரெண்டா எழுதுங்க, ஒண்ணாக் கலந்தா ரெண்டும் நகராது. நகல்ல கையெழுத்தும் தேதியும் கேட்டு வாங்கிக்கோங்க.

எரியாத விளக்குக் கம்பத்து நம்பரை இன்னைக்கே குழுவுல போடுங்க. முதல்வர் உதவி மையம் 1100, அவசரத்துக்கு 112.