செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: காலப்பயணக் கதைகளும் பழங்கால ரதங்களும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் அறிவியல் புனைகதை வாசகர் வட்டம் இந்த ஆண்டு பத்து முறை கூடியது. மின்தடையால் ஒரு கூட்டம் பாதியில் நின்றது. காலப்பயணக் கதைகளில் வரும் ரதங்கள் என்ற ஒரே பொருளை ஆண்டு முழுக்க எடுத்துக்கொண்டோம். இதில் அவ்வளவு என்ன இருக்கிறது என்று தொடக்கத்தில் சிலர் கேட்டார்கள். கடைசியில் நேரம்தான் போதவில்லை.

முதல் சிக்கல் சொல்லிலேயே வந்தது. தமிழில் 'தேர்' என்று படித்ததும் திருவாரூர் ஆழித்தேர் நம் கண்முன் வந்துவிடுகிறது. எகிப்தியரின் போர் ரதமோ சுமார் 30 கிலோதான்; ஒரே ஆள் தூக்கிவிடலாம். அதனால்தான் இந்த அறிக்கையில் ரதம் என்றே எழுதுகிறேன்.

அப்புறம் காலக்கணக்கு. நம் கதைப்போட்டிக்கு வந்த ஒன்பது கதைகளில் நான்கில், எகிப்திய மன்னன் கூஃபுவின் பிரமிடு எழும்பும்போதே காலப்பயணி குதிரை ரதத்தில் ஏறிவிடுகிறார். கி.மு. 26ஆம் நூற்றாண்டில் எகிப்தில் குதிரை ஏது? ஆரக்கால் வைத்த ரதத்தின் மிகப் பழைய தடயங்கள் யூரல் மலைக்குத் தெற்கே, சின்தஷ்தா புதைகுழிகளில் கிடைத்தவை, கி.மு. 2000 வாக்கில் உள்ளவை. அது எகிப்துக்கு வந்து சேர மேலும் சில நூற்றாண்டுகள் ஆயின.

ஆகஸ்ட் கூட்டத்தை யாரும் மறக்கமாட்டோம். மாட்டுவண்டிச் சக்கரம் செய்யும் ஆசாரி ஐயா ஒருவரை அழைத்திருந்தோம். எகிப்திய மன்னன் துட்டன்காமுன் கல்லறையில் கிடைத்த ஆறு ரதங்களின் படங்களைக் காட்டினோம். குடம் (சக்கரத்தின் நடுக்கட்டை), வட்டை (வெளிவளையம்) என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஆரக்காலில் நின்றுவிட்டார். நம் ஊரில் ஆரக்காலைச் செதுக்கிக் குடத்தில் அடித்து இறக்குவார்கள். எகிப்தியர் மரத்தைக் கவட்டை போல வளைத்து, பக்கத்துப் பக்கத்துக் கவட்டைகளின் கால்களைச் சேர்த்து ஒட்டி ஒரு ஆரக்கால் ஆக்கினார்கள். ஈரத்தோலைச் சுற்றிக் காயவிட்டால் இறுகிவிடும். "இரும்புப் பட்டா இல்லாமலா?" என்று ஐயா இரண்டு முறை கேட்டார். அச்சு பின்னால் தள்ளி இருப்பதையும் அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். வேகமாகத் திரும்பும்போது கவிழாமல் இருக்கத்தான் அப்படி என்றார்.

என் கருத்தையும் பதிவு செய்கிறேன். எகிப்தியரும் ஹிட்டைட்டுகளும் மோதிய காதேஷ் போர்க்களத்தில் துப்பாக்கியோடு (கி.மு. 1274 வாக்கில்) போய் இறங்கும் கதாநாயகன் அலுத்துவிட்டான். பட்டறைக்குள் நுழையும் பயணி வேண்டும். சக்கரத்துக்கு உகந்த எல்ம் மரம் எகிப்தில் விளையாது. ஒரு சக்கரம் உடைந்தால் மரத்துக்கு எங்கே போவது? அதுவே ஒரு கதை. இன்னொன்று, ஹிட்டைட்டுகளின் தலைநகரான ஹத்தூசாவில் (இன்றைய துருக்கியில்) கிடைத்த கிக்குலியின் களிமண் பலகைகள். மித்தானி நாட்டுக் குதிரைப் பயிற்சியாளர் அவர். ஹிட்டைட் மொழியில் உள்ள அந்தக் குறிப்புகளில் சுற்றுகளை எண்ணும் சொற்கள் ஐக, பன்சா, சத்தா. ஏக, பஞ்ச, சப்த என்று கேட்டே வளர்ந்த நாம் அன்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். அந்த லாயத்தில் போய் இறங்கும் பயணிக்கு எண்களாவது புரிந்திருக்கும்!

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டில் ஆறு ஆரக்கால் சக்கரம் ஒன்றைத் தம் பட்டறையிலேயே செய்து பார்க்க ஆசாரி ஐயா சம்மதித்திருக்கிறார். மரத்துக்கும் பதப்படுத்தாத தோலுக்கும் 6,000 ரூபாய் ஒதுக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்