தோப்பு உனக்கே, அண்ணே

அண்ணே,

"தங்கச்சி மனசு மாறிட்டா, ரத்த பாசம் எங்க போகும்" என்று நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். தோப்பு இப்போது முழுக்க உன்னுடையது, அதில் பேச்சே இல்லை. ஆனால் என் பங்கை விட்டுக்கொடுத்து நான் கையெழுத்துப் போட்ட காரணத்தையும் நீயே எழுதிக்கொள்ள விடமாட்டேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அப்புறம் நான் கத்துவேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் பக்கத்து ஆட்கள் சிலரும் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அப்பாவின் காரியம் முடிந்த வாரம் திண்ணையில் நடந்ததை இங்கே எழுதவில்லை. அண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை வராது. நீ பயப்பட வேண்டாம்.

நவம்பர் 16 நெருங்கினால் எனக்குக் கஜாதான் ஞாபகம் வருகிறது. 2018-ல் அந்த வெள்ளிக்கிழமை விடியுமுன் புயல் கரையேறியது. நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பது உனக்குத் தெரியும். பட்டுக்கோட்டை தாண்டியதிலிருந்து பார்த்த இடமெல்லாம் தென்னை படுத்துக் கிடந்தது. தோப்புக்குள் வந்தால், நீ விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து அரிவாளால் கொண்டையைப் பிளந்துகொண்டிருந்தாய். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளை வெளேரென்று குருத்தை எடுத்து, ஒரு துண்டு நறுக்கி, "இந்தா பாப்பா, தின்னு" என்று நீட்டினாய்.

சின்ன வயதில் வண்டு அடித்த மரம் ஒன்றை வெட்டினால் போதும், அந்தக் குருத்துக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் அடித்துக்கொள்வோம். மரம் போனால்தானே குருத்து. எனக்கு எப்போதும் பெரிய துண்டு உன் பங்கிலிருந்துதான் வரும், அதை நான் மறுக்கவில்லை. அன்று தோப்பு முழுக்கக் குருத்து கிடந்தது, தின்ன ஆளில்லை. நாம் இரண்டு பேரும் நின்றுகொண்டு தின்றோம். இனிப்பாக இருந்தது. அந்த நேரத்தில் அது இனித்ததே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உன் கை நடுங்கியதைப் பார்த்து, அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அதற்குள் நீ அரிவாளைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "உனக்கென்ன, நாலு நாள் அழுதுட்டு பஸ் ஏறிடுவ."

அது என் மரமும்தான், அண்ணே. அதை அன்றே சொல்லியிருக்கலாம். கணக்கெடுக்க ஆட்கள் வந்து நின்றார்கள், அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், நான் வாயை மூடிக்கொண்டேன். மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் என்றது அரசு. தாத்தா வைத்த மரத்துக்கு 1,100 ரூபாய். அதை நீ வாங்கிக்கொள்ள ஆட்சேபனை இல்லை என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பணத்தைப் பற்றி இன்றுவரை கேட்டதும் இல்லை.

அதற்குப் பிறகு நீ பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசமாட்டேன். நெட்டைக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம். அதுவரை உளுந்து, கடலை என்று ஊடுபயிர் போட்டு, வட்டிக்கு வாங்கி, போர் இறக்கி நீ ஓட்டினாய். நான் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை. நீ இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். பொய்யாக இருந்தால் அவ்வளவு வராது. ஆனால் பாடுபட்டவனுக்குத்தான் நிலம் என்றால், நீ பாலிடெக்னிக் படித்த மூன்று வருஷமும் உட்கார்ந்து கீற்று முடைந்தது யார்? என் விரல்களை உனக்குத் தெரியாதா?

சட்டம் உன் பக்கம் என்று எவனோ சொல்லியிருக்கிறான். 2005-க்கு முன்னாடியே அப்பா போயிட்டார், அதனால் பெண்ணுக்குப் பங்கில்லை என்று. நம் மாநிலத்தில் 1989-லேயே மணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. அப்போது நான் பாவாடை கட்டிய பிள்ளை. மத்திய சட்டத் திருத்தம் 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதையெல்லாம் படித்து முடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஏமாந்தவள் என்று யாரும் என்னைப் பார்த்து இரக்கப்பட வேண்டாம்.

கல்யாணத்துக்குப் போட்ட நகைதான் என் பங்கு என்றால், உன் கல்யாணத்துக்கு அப்பா செய்தது யார் பங்கில் கழிந்தது? சரி, விடு.

பங்கு கேட்டு அனுப்பிய வக்கீல் நோட்டீஸுக்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சித்தப்பா சொல்கிறார். கேட்க மாட்டேன். ஆனால் தபால்காரர் அதை நேராக அம்மா கையில் கொடுத்து, அவள் என் கையெழுத்தைப் பார்த்துப் பொங்கல் வாழ்த்து என்று நினைத்துப் பிரித்தாளே, அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். படித்துக் காட்ட வேண்டிய நிலை உனக்கு வந்ததே, அதற்கும். நீ இரண்டு வருஷம் போனை எடுத்திருந்தால் அந்தத் தபாலே வந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சமரசம் பேச உட்கார்ந்த அன்று நீ ஒரு தொகை சொன்னாய். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். எனக்கு வேண்டியிருந்தது "உனக்கும் இதுல பாதி இருக்கு பாப்பா" என்று ஒரு பேச்சு. அதைச் சொல்வதைவிடப் பணம் கொடுப்பது உனக்குச் சுலபமாக இருந்தது. அது வராது என்று அன்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. விட்டுவிட்டேன். பணத்தை வாங்காததைப் பெருந்தன்மை என்று நினைக்காதே. வாங்கியிருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நீ நிம்மதியாகத் தூங்கியிருப்பாய்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் எழுதுகிறவர் பிரதிபலன், அதாவது பங்குக்குப் பதிலாக வாங்கிய பணம், எவ்வளவு என்று கேட்டதும் நீ முந்திக்கொண்டு, "பாசத்தின் பேரில்னு போடுங்க" என்றாய். நான் வேண்டாம் என்று சொல்லி, பிரதிபலன் எதுவும் இல்லை என்று மட்டும் போடச் சொன்னேன். உன் முகம் சுருங்கியது. அப்போது உன்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. இதையே 2023 ஜூலைக்கு முன்னால் முடித்திருந்தால் உனக்குச் செலவும் குறைந்திருக்கும். குடும்பத்துக்குள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை உச்சவரம்பு அப்போது 25,000, இப்போது 40,000. பிடிவாதத்துக்கு நீ கட்டிய வரி என்று வைத்துக்கொள்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் பார்க்கக் காசு கிடையாது. நம் சர்வே எண்ணைப் போட்டு, நீ எதையாவது விற்றாயா, அடமானம் வைத்தாயா என்று ராத்திரி உட்கார்ந்து பார்ப்பேன். தேங்காய் விலை ஏறினால் என் பங்கைக் கணக்குப் போடுவேன், இறங்கினால் உன்மேல் கோபம் வரும். உன் தோப்பில் மட்டை விழுந்தால் என் வீட்டில் தூக்கம் கெட்டது. பத்திரம் பதிவானதிலிருந்து அந்தப் பக்கத்தை நான் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று விரதம் ஒன்றும் இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இப்போதெல்லாம் கத்துவதில்லை என்று அவனே சொல்கிறான்.

இனிமேல் வருஷா வருஷம் சீர் குறையாது என்று அலுவலக வாசலில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாயே, அனுப்பாதே. பொங்கலுக்கு வந்தால் அதே கட்டோடு திரும்பி வரும். குழந்தைகளை அனுப்பு, அவர்கள் அத்தை வீடு இது.

அம்மாவின் இடது கண்ணுக்கு இங்கே தேதி வாங்கியிருக்கிறேன். தை பிறந்ததும் அவளை அனுப்பி வை. வரமாட்டேன் என்பாள், நீ சொன்னால் வருவாள். சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் கொடுத்து அனுப்பு, போன தடவை அதைத் தேடி இரண்டு நாள் அலைந்தோம்.

தங்கை