ரோஹிங்யா ஆக்களையும் அப்பிடியே ஏத்தி அனுப்பப் போறமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

முல்லைத்தீவு கேப்பாப்புலவு விமானப்படை முகாமில வச்சிருக்கிற, மியன்மாரில இருந்து தப்பி வந்த ரோஹிங்யா முஸ்லிம் சனத்தை அங்கயே திருப்பி அனுப்பிற கதை அடிபட்டதில இருந்து எனக்கு 2014 தான் ஞாபகம் வருது. அந்த வருசம் ஜூலையில இலங்கையில இருந்து அடைக்கலம் கேட்டுப் போட்டில போன 41 பேரை அவுஸ்திரேலியா நடுக்கடல்ல மறிச்சு, அவங்களைக் கப்பல்லயே வச்சு வீடியோவில நாலு கேள்வி கேட்டுட்டு மட்டக்களப்புக்கு வெளிய கொண்டு வந்து எங்கட நேவியிட்டக் குடுத்திட்டாங்க, அதில 37 பேர் சிங்கள ஆக்கள், 4 பேர்தான் தமிழர், எல்லாரையும் காலி கோட்டுக்குக் கொண்டு போனாங்க. பாண்டிச்சேரியில இருந்து வெளிக்கிட்ட மற்ற போட்டில 157 பேர், சின்னப் பிள்ளையளும் இருந்தது, அவங்களைக் கஸ்டம்ஸ் கப்பல்ல கிட்டத்தட்ட ஒரு மாசம் பூட்டி வச்சாங்க. வழக்குப் போட்ட பிறகுதான் 72 மணித்தியாலத்துக்கு முதல் அறிவிக்காம இலங்கையிட்ட ஒப்படைக்க மாட்டம் எண்டு அவுஸ்திரேலிய அரசாங்கம் கோட்டில சொன்னது.

அப்ப திருகோணமலையில தேத்தண்ணிக் கடையில கூட அவுஸ்திரேலியாவை ஏசாத ஆளில்ல. இப்ப அதே வாய்தான் அரிசி விற்கிற விலைக்கு இவங்களுக்கு வேற சோறா எண்டு கேக்குது.

2024 டிசம்பர்ல ரோஹிங்யா ஆக்கள் வந்த போட்டைக் கண்டது மீன்பிடிக்கிற ஆக்கள், அதுவும் முள்ளிவாய்க்கால் கடல்ல (வேற இடமே கிடைக்கேல்ல பாருங்க). இங்க அஷ்ரப் ஜெட்டியில இறக்கி ஜமாலியா பள்ளிக்கூடத்தில வச்சிருக்கேக்க நாங்களும் சாப்பாடு கொண்டு போனம். ஒரு பொடியன் குடுத்த பிஸ்கட் பக்கற்றை உடைக்கவே இல்ல, சாரத்து மடிப்புக்குள்ள செருகிட்டு அடுத்ததுக்குக் கைய நீட்டுறான், எத்தினை நாள் பட்டினி கிடந்திருந்தா அந்தப் புத்தி வரும்.

1951 அகதி உடன்படிக்கையில இலங்கை கையெழுத்துப் போடேல்லயாம், அதால பொறுப்பில்லையாம். போட்ட அவுஸ்திரேலியா என்னத்தைக் கிழிச்சது? ஆனா சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில நாங்க இருக்கிறம், 1994 ஆம் ஆண்டு 22 ஆம் இலக்கச் சட்டமும் அதுக்காகத்தான் வந்தது, சித்திரவதை நடக்கக்கூடிய இடத்துக்கு ஆளை அனுப்பக்கூடாது எண்டு அந்த உடன்படிக்கையிலயே இருக்கு. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆக்களையே முதல்ல முகாமுக்குள்ள விடேல்ல, குடிவரவுத் திணைக்கள அனுமதி வேணுமாம். அப்ப உள்ள ஆர் போய் என்ன கேட்டது?

ஒவ்வொருத்தரையும் தனித்தனிய, அவங்கட பாஷை தெரிஞ்ச ஆளை வச்சு, ஐநா அகதிகள் ஆணையத்தையும் பக்கத்தில இருத்தி விசாரிக்கட்டும். அது முடியிற வரைக்கும் அனுப்பிற கதையை எடுக்கப்படாது. உங்கட நிருபர் ஒராள் அமைச்சரிட்ட இதை நேரடியாக் கேட்டு எழுதினா நல்லம்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை.