சொற்பம் என்று தள்ளிய கார்பன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கடல் கட்டுரையில் ஒரு வரி: 'நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள் சொற்பம், கணக்கில் எடுக்கத் தேவையில்லை.' இருபத்திரண்டு ஆண்டுகள் நான் அளந்தது அந்தச் சொற்பத்தைத்தான்.

லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது, உண்மை. ஆனால் கடலின் கொள்ளளவு தாங்கள் அறியாததா? மொத்தம் கூட்டினால் சுமார் 66,000 கோடி டன் கார்பன். நிலத்து மரஞ்செடிகொடிகள் அத்தனையும் தாங்கி நிற்கும் கார்பனுக்கு இது குறைந்ததல்ல. தாங்கள் நான்கு பக்கம் ஒதுக்கிய திமிங்கிலங்கள் இதன் பக்கத்தில் நிற்கவே முடியாது.

அளப்பதும் லேசல்ல. ஒட்டியிருக்கும் கரிமப் பொருள் எரிந்துபோகக் குப்பிகளை 450 டிகிரி உலையில் சுட்டெடுப்போம். வடிகட்டிய நீரில் அமிலம் விட்டுக் கார்பனேட்டை வெளியேற்றி, மிச்சத்தை 680 டிகிரியில் எரித்து, வரும் கார்பன் டை ஆக்சைடை அளப்போம். ஒருமுறை கப்பலில் யாரோ கிரீஸ் கையோடு நீர் பிடிக்கும் குழாயைத் தொட்டுவிட்டார். இரண்டு இரவுகள் விழித்து எடுத்த நீர் முழுவதையும் கடலிலேயே கொட்டினேன். அன்று வந்த அழுகை இன்றும் நினைவிருக்கிறது.

மேல்நீரில் பாசி கசியவிடுவதில் பெரும்பகுதியை பாக்டீரியா சில நாட்களில் தின்று தீர்த்துவிடும். எஞ்சுவதுதான் அதிசயம். ஆழ்நீரில் அதன் ரேடியோகார்பன் வயது, அதாவது கதிரியக்கக் கார்பன் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதை வைத்துக் கணிக்கும் வயது, அட்லாண்டிக்கில் சுமார் 4,000 ஆண்டு, பசிபிக்கில் சுமார் 6,000. ஆழ்கடல் நீர் ஒரு சுற்று வர ஆயிரம் ஆண்டுபோல ஆகும். இந்தக் கார்பன் பல சுற்று கண்டது. இது எஞ்சுவது பாக்டீரியாவால் தின்ன முடியாத மூலக்கூறு என்பதாலா, அளவுக்கு மீறி நீர்த்துக் கிடப்பதாலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இதையா ஒரு வரியில் தள்ளுவது?

கார்பனையும் கார்பன் டை ஆக்சைடையும் ஒன்றாக எழுதாதீர்கள், ஒரு டன் கார்பன் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு என்று முன்பே இருமுறை எழுதினேன். பதில் இல்லை. இம்முறையும் அதே பிழை, அதே கட்டுரையில். 'கரைந்த' என்ற சொல்லுக்கு மேலே மிதக்கும் பிளாஸ்டிக்கின் படம் வேறு.

1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுகிமுராவும் சுசுகியும் கடலில் கரைந்த இந்தக் கார்பன் முன்பு நினைத்ததைவிட மிக அதிகம் என்று எழுதினார்கள். உலகமே திரும்ப அளந்தது. 1993இல் சுசுகி அந்த முடிவைத் தாமே அச்சில் திரும்பப் பெற்றார். அவருக்கு அதில் மதிப்புக் குறையவில்லை என்றுதான் எங்கள் ஆய்வகத்தில் சொல்வோம்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். எவ்வளவு சிறிய எழுத்தாயினும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடல் வேதியியல் ஆய்வக உதவியாளர்