அபஸ்வரத்துக்கு அவசரக் கடிதம்

எடின்பரோ

அன்புள்ள அபஸ்வரத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் அடம் பிடிக்கிறது. தீபாவளிக்குக்கூட ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டியது அம்மா வழியாக வட்டியோடு வந்து சேர்ந்தது. போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சமூகக்கூடத்தில் வாரம் ஒரு மாலை ஃபிடில் குழு கூடுகிறது. ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு நர்ஸ், இரண்டு பள்ளிச் சிறுமிகள், இப்போது நான். எதிரே நோட்டுத்தாள் கிடையாது. ஆசிரியை ஒரு சிறு பிடியை வாசிப்பார், நாங்கள் திருப்பி வாசிப்போம். அது விரலில் உட்கார்ந்த பிறகுதான் அடுத்தது. நம் வாத்தியார் வீட்டுத் திண்ணையேதான், குட்டு மட்டும் இல்லை. நான் நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் சம்மணமிட்டபோதும் யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஆனால் ஸ்ட்ராத்ஸ்பே என்று ஒரு நடன மெட்டு என் பிராணனை வாங்குகிறது. தட்டு விழும் இடத்தில் பொடி ஸ்வரம், உடனே அதை இடித்துக்கொண்டு நீள ஸ்வரம். வில் வெடுக்கென்று திரும்ப வேண்டும். என் வில்லோ இழைந்தே பழகியது. போதாக்குறைக்கு, நிஷாதத்தைத் தொட்டால் விரல் தானாக ஆடுகிறது. "அழகுதான், ஆனால் ஆடுகிறவர்கள் தடுக்கி விழுவார்கள்" என்கிறார் தபால்காரர்.

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர்க்காரர், ஃபிடில் கலைஞர் நீல் கௌ (1727–1807), இரண்டாம் மனைவி இறந்தபோது ஒரு மெட்டுக் கட்டினார். குழுவில் அதை எடுத்தபோது, முகாரி மாதிரி ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன். வந்ததெல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். அழுகையே இல்லாத துக்கம். அப்பா போன பிறகு நான் வயலினைத் தொடாமல் இருந்தது உனக்குத் தெரியும். அன்று இரவு பெட்டியை மூடவே மனம் வரவில்லை.

சரி, சிக்கல் இதுதான். அடுத்த வாரம் நான் அவர்களுக்கு ஒரு மெட்டுக் கற்றுத்தர வேண்டுமாம். முதலில், மேற்கத்திய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் பாட்டெழுதிய நோட்டு ஸ்வரம்தான் நினைவுக்கு வந்தது. 'சக்தி ஸஹித கணபதிம்' அவர்களுக்கு அரை மணியில் வந்துவிடும். ஆனால் மேற்கத்திய மெட்டை மேற்கத்தியர்களிடமே கொண்டுபோவது திருநெல்வேலிக்கே அல்வா விற்கிற கதை. காவடிச்சிந்து எப்படி? அதுவும் காலுக்கான இசை. ஜிக் என்ற துள்ளல் நடன மெட்டை வாசிக்கும் கைகளுக்கு அதன் திஸ்ர நடை, அதாவது மும்மூன்றாக விழும் நடை, அந்நியமாக இருக்காது. அதன் ராகமான செஞ்சுருட்டியை எவ்வளவு அசைக்கலாம், எவ்வளவு விடலாம் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

நீ வாசித்துப் பதிவுசெய்து அனுப்பு. மெதுவாக, பிடி பிடியாக, உன் வழக்கமான ஜோடனைகள் இல்லாமல். உன் அண்ணாவிடம் தள்ளிவிடாதே, அவர் ஆலாபனையை முடிப்பதற்குள் இங்கே கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

உன்,
வில்லி