கையெழுத்துப் போடாத தம்பி எழுதுவது

அண்ணா,

ஊர் வீட்டை விற்பதற்கான பவர் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. இதைக் கடைசி வரியில் வைத்தால் சொல்லத் தயங்கினேன் என்று நினைப்பீர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூரியரில் வந்த உறை மேசைமேல் இருக்கிறது. எங்கெங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கெல்லாம் மஞ்சள் துண்டுத்தாள் ஒட்டி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அவ்வளவு பொறுமையாக ஒட்டத் தெரிந்த உங்களுக்கு, சொத்து விவரப் பக்கத்தை உறைக்குள் வைக்க மட்டும் மறந்துபோயிருக்கிறது.

இதைப் பொதுவில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். தொலைபேசியில் நான் விஷயத்துக்கு வரும் நேரம் பார்த்து உங்களுக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது. இங்கே எழுதினால் முழுக்கப் படிப்பீர்கள், யார் யார் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகவாவது. சித்தப்பா படிப்பார். அண்ணியும் படிப்பார்கள். வீட்டின் விலை, வாங்க வருபவர் யார், முன்பணம் கைமாறியதா என்பதெல்லாம் இதில் வராது. அந்த அளவுக்கு எனக்கும் நாகரிகம் தெரியும்.

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அப்பா இல்லை. அப்பா எதைக் கொடுத்தாலும் போட்டுவிடுவார்; அதன் பலனைத்தான் நாம் எல்லோரும் அனுபவித்தோம். சொல்லிக்கொடுத்தது நீங்கள். ஸ்காட்லாந்தில், டன்டீ வீட்டின் சமையலறையில், வாடகை ஒப்பந்தத்தை நான் புரட்டிக்கூடப் பார்க்காமல் பேனாவைத் திறந்தபோது, கையைப் பிடித்து நிறுத்தி, கோல்ஃப் ஆட்டக்காரர் ராபர்டோ டி விசென்ஸோவின் கதையைச் சொன்னீர்கள். உங்களுக்குத் தெரிந்த கதை. கோல்ஃப் பக்கமே போகாத நம் சொந்தக்காரர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா. 1934-ல் தொடங்கிய மாஸ்டர்ஸ் போட்டி ஒவ்வோர் ஆண்டும் அங்கேதான் நடக்கும். கோல்ஃபின் மற்ற மூன்று பெரிய போட்டிகளும் மைதானம் மாறி மாறி நடப்பவை. 1968 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. அர்ஜென்டினாக்காரரான டி விசென்ஸோவுக்கு அன்று 45 வயது முடிந்தது. முதல் குழியில் அவர் அடித்த இரண்டாவது அடியே நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. சுற்றி நின்ற கூட்டம் பிறந்தநாள் பாட்டுப் பாடியது. நாள் முழுக்க அப்படியே ஆடினார். 17-ஆம் குழியை மூன்றே அடிகளில் முடித்ததைத் தொலைக்காட்சியில் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. போட்டியில் ஒருவர் எத்தனை அடி அடித்தார் என்று எழுதுவது அவரோடு சேர்ந்து ஆடுபவரின் வேலை. ஆட்டம் முடிந்ததும் அட்டை ஆடியவர் கைக்கு வரும். ஒவ்வொரு குழிக்கும் எழுதிய எண் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்திடுவது அவர் பொறுப்பு. கூட்டலில் பிழை இருந்தால் போட்டிக் குழு திருத்திக்கொள்ளும். குழிக்கு எழுதிய எண்ணே பிழையென்றால், கையெழுத்திட்ட பிறகு திருத்த வழியில்லை. குறைத்து எழுதியதில் கையெழுத்திட்டால் போட்டியிலிருந்தே வெளியேற்றம். கூடுதலாக எழுதியதில் கையெழுத்திட்டால் அந்தக் கூடுதல்தான் கணக்கு. கூட ஆடிய டாமி ஆரன், 17-ஆம் குழிக்கு மூன்றுக்குப் பதிலாக நான்கு என்று எழுதியிருந்தார். கடைசிக் குழியில் ஓர் அடி வீணான வருத்தத்தில் இருந்த டி விசென்ஸோ அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். 65 அடிகள் 66 ஆயின. பாப் கோல்பியோடு சமமாக நின்று மறுநாள் மீண்டும் ஆட வேண்டியவர், ஓர் அடி வித்தியாசத்தில் இரண்டாம் இடத்துக்குப் போனார். தன்னைத்தான் முட்டாள் என்று சொல்லிக்கொண்டாரே தவிர, ஆரனை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தக் கதையில் உங்களுக்குப் பிடித்த இடம் அந்தக் கடைசி வாக்கியம்தான். அடுத்தவனைக் குறை சொல்லாத பெருந்தன்மை. இப்போதும் என்னிடம் அதைத்தான் எதிர்பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது: போட்டுவிட்டு, பிறகு என்னையே நொந்துகொள்ள வேண்டும். ஆரனைப் பற்றி நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1973-ல் அதே அகஸ்டாவில் அவர் வென்றார். அந்த முறை அவருடைய அட்டையில் கூட ஆடியவர் ஒரு குழிக்குத் தப்பாக எழுதியிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்திட்டார். நான் ஆரனிடம்தான் பாடம் கற்க விரும்புகிறேன்.

கோல்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் கடைசி நாளில் 66 அடித்தார். 15-ஆம் குழியில் இரண்டு அடிகளை மிச்சம் பிடித்தார். யாருடைய அட்டையையும் அவர் தொடவில்லை. ஆனாலும் வசைக் கடிதங்கள் அவருக்குத்தான் வந்தன. 2022-ல் இறக்கும் வரைக்கும் ‘அந்த அட்டை விவகாரத்தில் ஜெயித்தவர்’ என்றே அவரைச் சொன்னார்கள். நம் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார், அண்ணா. ஊரை விட்டுப் போகாமல், கடைசி வரைக்கும் அம்மாவுக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்தவர். நாம் பணம் அனுப்பினோம், பெயர் நமக்கு. அவர் இன்று அந்த வீட்டில் ‘இன்னும் இருக்கிறார்’ என்று சொல்கிறோம், ஏதோ ரயில் போன பிறகும் நடைமேடையில் நிற்பவரைச் சொல்வதுபோல. இதற்குமேல் எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. நிறுத்திக்கொள்கிறேன்.

பெல்ட் கதையையும் உங்களிடம்தான் கேட்டேன். 1860 அக்டோபர் 17 அன்று ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் நடந்த முதல் பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் ஆடியவர்கள் எட்டே பேர். மைதானத்தில் 12 குழிகள்தான்; ஒரே நாளில் மூன்று முறை சுற்றி 36 குழிகள் ஆடி முடித்தார்கள். வில்லி பார்க் 174 அடிகளில் ஜெயித்தார், டாம் மாரிஸுக்கு 176. பரிசு, வெள்ளிக் கொக்கி வைத்த சிவப்புத் தோல் பெல்ட். தொடர்ந்து மூன்று ஆண்டு ஜெயிப்பவருக்கே அது சொந்தம் என்று விதி வைத்திருந்தார்கள், யாரால் முடியும் என்ற தைரியத்தில். டாம் மாரிஸின் மகன், அவர் பெயரும் டாம், 1868, 1869, 1870 என்று மூன்று முறை ஜெயித்துப் பெல்ட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். மூன்றாவது முறை 149 அடிகள், இரண்டாவதாக வந்தவரைவிட 12 குறைவு. முதல் வெற்றியின்போது வயது 17. விளைவு, 1871-ல் போட்டியே நடக்கவில்லை. கொடுப்பதற்குப் பொருள் இல்லை. பிறகு மூன்று மன்றங்கள் கூடித் தலைக்குப் பத்து பவுண்டு போட்டு ஒரு வெள்ளிக் கூஜா செய்வது, மைதானங்களில் மாறி மாறிப் போட்டி நடத்துவது என்று முடிவெடுத்தன. இன்றைக்கும் கொடுக்கிற கிளாரெட் கூஜா அதன் வழியில் வந்ததுதான். நாமும் மூன்று பேர். தலைக்கு இவ்வளவு என்று உட்கார்ந்து பேச நமக்கு மட்டும் ஏன் வக்கீல் தேவைப்படுகிறது?

சரி. எழுத உட்கார்ந்தபோது இதெல்லாம் எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் உறையைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருவது வேறொன்று. அம்மாவின் திவசம் நெருங்குவதாலும் இருக்கலாம்.

என் வாய்மொழித் தேர்வு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு என்னை செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அழைத்துப் போனீர்கள். டே நதிப் பாலம் தாண்டி பஸ் போகும்போது வழக்கம்போல நீங்கள் பேசவில்லை. எனக்குத் தேர்வுப் பயம் என்பதால் பேச்சுக் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறுகளில் அங்குள்ள ஓல்டு கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தில் ஆட்டம் கிடையாது. உலகமே ஆடத் துடிக்கிற புல்வெளியில் ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். மைதானத்தின் ஸ்வில்கன் பாலத்தில் நின்று படம் எடுக்க வேண்டும் என்றேன். ‘அது எல்லோரும் எடுக்கிற படம், இங்கே வா’ என்று 18-ஆம் குழியருகே கூட்டிப்போய், 1970-ல் டக் சாண்டர்ஸ் குனிந்த இடத்தைக் காட்டினீர்கள். குடையை மட்டையாகப் பிடித்துக்கொண்டு நடித்தும் காட்டினீர்கள்: ஒரு மீட்டர் தூரம்கூட இல்லாத அடி, அதைப் போட்டால் ஓப்பன் பட்டம், நின்ற நிலையிலேயே குனிந்து பந்தின் வழியில் எதையோ தட்டிவிட்டு, அவசரமாக அடித்து, தவறவிட்டது, மறுநாள் ஜாக் நிக்லாஸிடம் தோற்றது. அங்கிருந்த கிழவர் ஒருவர் கைதட்டினார். நீங்கள் சிரித்தீர்கள். அன்று நீங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

பிறகு தேவாலய இடிபாடுகளுக்குப் பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சுவரில் பதித்த கல்லில் இளைய டாம், தொப்பியும் கோட்டுமாக, பந்தைக் குறிபார்த்துக் குனிந்து நிற்கிறார். அறுபது கோல்ஃப் சங்கங்கள் பணம் போட்டு வைத்த நினைவுக்கல். போட்டிக்கு ஆளில்லாமல், ஆனாலும் யாருடைய பொறாமைக்கும் ஆளாகாமல் பட்டத்தை வைத்திருந்தார் என்ற பொருளில் அதில் ஒரு வரி. தூறல் விழுந்தது. குடை கையில் இருந்தும் நீங்கள் விரிக்கவில்லை. வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுச் சில்லறையைப் புரட்டிக்கொண்டே இருந்தீர்கள். அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

அங்கே நின்றுதான் தந்திக் கதையைச் சொன்னீர்கள். 1875 செப்டம்பரில் நார்த் பெரிக்கில் மாரிஸ் தந்தையும் மகனும் பார்க் சகோதரர்களோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். இளைய டாமின் மனைவி மார்கரெட்டுக்குப் பிரசவத்தில் ஆபத்து என்று தந்தி வந்தபோது இரண்டு குழிகள் பாக்கி. முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஃபோர்த் கழிமுகத்தைப் படகில் கடந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தாயும் இல்லை, குழந்தையும் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸ் அன்று காலை இளைய டாமும் இறந்துபோனார், 24 வயதில். தந்தை 1908 வரைக்கும் இருந்தார். நீங்கள் சொன்ன கதையில், தந்தியை முதலில் வாங்கிப் படித்தது தந்தைதான். ஆட்டம் முடியட்டும் என்று பைக்குள் வைத்துக்கொண்டார். ‘அவர் செய்தது சரிதானே?’ என்று என்னைக் கேட்டீர்கள். தேர்வு நினைப்பில் ‘சரிதான்’ என்று சொல்லிவைத்தேன்.

ஊரிலிருந்து உங்களுக்குத் தொலைபேசி வந்தது சனிக்கிழமை இரவு.

அதன் பிறகு நடந்ததை எழுத வேண்டியதில்லை. முன்பே சொல்லியிருந்தாலும் அம்மாவுக்கு நினைவு திரும்பியிருக்காது என்று ஒரு மருத்துவராகச் சொன்னீர்கள். நம்புகிறேன். என் படிப்புக்காக நீங்கள் இரட்டை வேலை பார்த்ததும், முதல் குளிர்காலத்தில் உங்கள் கோட்டை எனக்குக் கொடுத்துவிட்டு மழைச்சட்டையோடு மருத்துவமனைக்குப் போனதும் எனக்கு மறக்கவில்லை. இந்தப் பட்டம் உங்கள் காசு. ஆனால் கல்லறையில் நிறுத்தி என்னிடம் சம்மதம் வாங்கினீர்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? எதற்குச் சம்மதம் கேட்கிறீர்கள் என்று சொல்லாமலே வாங்கிய சம்மதம். கெட்ட செய்தியைத் தாங்க மாட்டான், அவன் ஆட்டத்தை முடிக்கட்டும் என்று எனக்காக நீங்களே முடிவு செய்தீர்கள். அன்று எனக்கு 26 வயது. இப்போது தலை நரைத்துவிட்டது. இன்னமும் எந்தப் பக்கத்தை நான் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கத் தேவையில்லை என்று நீங்கள்தான் பிரித்து உறையில் போடுகிறீர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று அண்ணி நினைக்கலாம். கோபம்தான். 2027-ல் ஓப்பன் மீண்டும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வருகிறது, இரண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்று போன முறை சொன்னீர்களே, அதற்கு நான் வருகிறேன். டிக்கெட்டுக்கு என் பெயரையும் போடுங்கள். கல்லறைப் பக்கம் மட்டும் கூப்பிடாதீர்கள்.

சொத்து விவரப் பக்கத்தை அனுப்புங்கள். அக்காவுக்கும் ஒரு நகல் போகட்டும். படித்த பிறகும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. மஞ்சள் துண்டுகளையெல்லாம் உரித்து எடுத்துவிட்டேன். எங்கே போட வேண்டும் என்று நானே கண்டுபிடித்துக்கொள்வேன்.

திவசத்துக்கு வருகிறீர்களா என்பதை இந்த வாரத்துக்குள் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். சமையலுக்கு ஆள் சொல்ல வேண்டுமாம்.

தம்பி